இடது பக்கம் சுத்துன காயில்

அந்த நாற்காலி வேண்டாண்ணே, இந்தப் பக்கம் உக்காருங்க. ஒடஞ்சதெல்லாம் இல்ல. அது எங்க வீட்டுக்காரரு நாற்காலி. காலையிலதான் எந்திரிச்சிப் போனாரு.

என்ன கொண்டு வந்திருக்கீங்க, காட்டுங்க. ஓ, வேப்பா, சிகரெட்டுக்குப் பதிலா ஆவி ஊதுற சாமான், ஆன்லைன்ல வாங்கினீங்களா. பரவால்ல, சாமான் நல்ல சாமான்தான். ஆனா இதுல காயில், அதான் சூடேறுற கம்பிச் சுருள், வராதுண்ணே. வெறும் மேடையும் நாலு திருகாணியும்தான் வரும். கம்பிய நாமளே சுத்தி மாட்டணும், பஞ்ச நாமளே வைக்கணும். யாரும் சொல்லலியா உங்களுக்கு? லோரி ஓட்டுறேங்கிறீங்க, சிகரெட்ட விடணும்ங்கிறீங்க, வீட்டுல திட்டுறாங்கங்கிறீங்க. சரி. நானே சுத்திக் குடுத்துட்டா பஞ்சு கருகுனதும் மறுபடியும் வந்து நிப்பீங்க. கத்துக்குங்க. எனக்கே வந்துச்சி, உங்களுக்கு வராதா.

இது கம்பி. பேரு காந்தல். வெளிநாட்டுக்காரன் வச்ச பேருதான், ஆனா நம்ம சொல்லு மாதிரியே இருக்குல்ல? சோறு அடிபுடிச்சா வருமே காந்தல், அதே. எங்க வீட்டுக்காரரு மொதமொதல்ல இதை வாங்கிட்டு வந்து பேரச் சொன்னப்ப, "இதுக்குக் காசு வேற குடுத்தீங்களா, நான் வைக்கிற சோத்துலயே சுரண்டி எடுத்துக்கலாமே"ன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சாரு. அமரேசன்னு பேரு. இந்தத் தெலுக் இந்தான்ல வேப் ஊதுற எவனைக் கேட்டாலும் தெரியும். அமரேசன் காயில் வேணும்னு ஈப்போவுல இருந்து வருவானுங்க. போன வருசம் தீவாளிக்கு முந்தி, பீடோர் ரோட்டுல மோட்டார்ல வந்துக்கிட்டு இருந்தாரு. எதிர்க்க வந்த காடிக்காரன் தூங்கிட்டானாம்.

ஆமாண்ணே. போயிட்டாரு. நாற்காலிய அப்படிப் பாக்காதீங்க, எல்லாம் சொல்றேன். மொதல்ல கம்பியப் பிடிங்க.

நீங்க சோத்துக் கைக்காரருதானே? அப்ப இந்தக் குச்சி இடது கையில, கம்பி வலது கையில. கட்டை விரலால அமுக்கிப் பிடிச்சிக்கிட்டு இழுத்துச் சுத்துங்க. தளர விடாதீங்க. ஒரு சுத்து மேல இன்னொரு சுத்து ஏறக் கூடாது, நடுவுல சந்தும் விழக் கூடாது. ஆறு சுத்து போதும். தொடக்கத்துல கொஞ்சம், முடிவுல கொஞ்சம் கம்பிய நீட்டி விடுங்க. அதுக்குப் பேரு கால். காலை அவசரப்பட்டு வெட்டிடாதீங்க. எல்லாரும் பண்ற மொத தப்பு அதுதான். அவரும் பண்ணாரு.

எப்பவா? செத்ததுக்கு அப்புறந்தான்.

சிரிக்கலண்ணே நான். கேளுங்க. பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சி எல்லாரும் போயிட்டாங்க. நான் படுத்தவதான். எங்களுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. வீட்டுல நானும் என் நாத்தனாரும்தான். அவரோட ஒரே தங்கச்சி, தமயந்தின்னு பேரு, முப்பத்தஞ்சி வயசாவுது, இன்னும் கல்யாணம் ஆகல. பாலர்பள்ளியில பிள்ளைங்களுக்கு ஆனா ஆவன்னா சொல்லிக் குடுக்குறா. மாமியார் போனதுல இருந்து எங்க கூடதான். அவதான் கஞ்சி வச்சி வச்சி நீட்டுவா, நான் மூஞ்சியத் திருப்பிக்குவேன். அப்புறம் ஒரு நாள் தரதரன்னு இழுத்துக்கிட்டு வந்து இங்க உக்கார வச்சிட்டா. "அண்ணி, கடையாவது தொறங்க, நாலு மனுச மூஞ்சியப் பாருங்க"ன்னு. எனக்கு அன்னிக்கு அவ மேல அவ்வளவு கோவம். புருசன் செத்தவளக் கடையில உக்கார வைக்கிறாளே, காசு கரியாகுதுன்னு பாக்குறாளேன்னு.

ஆனா வந்தது நல்லதாப் போச்சி. இங்க ஒரு மிட்டாய் டப்பா இருந்துச்சி. அவரு ஓஞ்ச நேரத்துல சுத்திச் சுத்திப் போட்டு வச்ச காயில். யாராச்சும் கேட்டா அதுல இருந்து எடுத்துக் குடுப்பேன். குடுக்குறப்பல்லாம் எண்ணிப் பாப்பேன். ஒண்ணு குறையுதே, ஒண்ணு குறையுதேன்னு. பேசாம விக்காம வச்சிக்கலாம்ல? வச்சிக்கலாம். ஆனா கேட்டு வர்றவன் மூஞ்சியில அவரு பேரச் சொல்றப்ப ஒரு சந்தோசம் வரும் பாருங்க, அதுக்காகக் குடுத்துருவேன்.

ஒரு நாள் டப்பா காலி. விரலை விட்டுத் துழாவிப் பாத்தேன், ஒண்ணும் இல்ல. அன்னிக்கு வீட்டுக்குப் போயி தமயந்திகிட்ட சொன்னேன், "தமா, டப்பா காலியாயிடுச்சி, இனிமே எனக்கு இங்க என்ன வேலை"ன்னு. சாதாரணமாத்தான் சொன்னேன். மனசுக்குள்ள ஒரு முடிவு எடுத்து வச்சிருந்தேன், அது அவளுக்கு எப்படித் தெரியும்? தட்டுல கையை வச்சவ அப்படியே வச்சிக்கிட்டு என்னையே பாத்தா.

மறுநாள் காலையில கடையத் தொறந்தேன். வேப்புல ஊத்துற ஜூஸ் பாட்டில எல்லாம் யாருக்காவது குடுத்துட்டுச் சாவிய ஒப்படைச்சிடலாம்னு வந்தேன். உள்ள காலை வச்சதும் பலாப்பழ வாசம். அவரு அந்த ஜூஸைத்தான் ஊதுவாரு, வேற எதையும் தொட மாட்டாரு. மெதுவா வந்து டப்பாவத் தொறந்தேன். உள்ள ஒரே ஒரு காயில் கெடக்கு. புதுக் கம்பி, பளபளன்னு.

சுத்திட்டீங்களா? காட்டுங்க. ம்ம், ரெண்டாவது சுத்துல சந்து விழுந்துருக்கு. அவிழ்த்துட்டு மறுபடியும் சுத்துங்க. கம்பிய ஒரு தடவை நல்லா இழுத்து நேராக்கிக்குங்க. வெக்கப்படாதீங்கண்ணே, அன்னிக்கு டப்பாவுல கெடந்தது உங்களத விட மோசம். கோணல்மாணலா, ஒரு கால் நீட்டமா, ஒரு கால் ஒட்ட வெட்டி. நான் அதைக் கையில வச்சிக்கிட்டு அழுதேன். எப்பேர்ப்பட்ட கை அது, எப்படிச் சுத்துன கை. செத்துப் போன கைக்கு எல்லாம் மறந்து போயிருக்கும்ல, புதுசாப் பழகுறாரேன்னு.

திருடன் எவனும் இல்லண்ணே. கடை பூட்டு பூட்டினபடி இருக்கு. சாவி வீட்டுல சாமி படத்துக்குப் பக்கத்துல ஆணியில தொங்குது. திருடன் எடுத்துட்டுப் போவானா, வச்சிட்டுப் போவானா?

ஆனா அது மட்டும் இல்ல. எனக்கு அவருதான்னு எப்படித் தெரிஞ்சிச்சி சொல்லட்டுமா? உங்க மேடையைப் பாருங்க. இதுல ரெண்டு காயில் மாட்டலாம், பக்கத்துக்கு ஒண்ணு. அப்படி மாட்டுறப்ப ரெண்டும் ஒரே பக்கமாச் சுத்தினதா இருக்கணும். ஒண்ணு அப்படியும் ஒண்ணு இப்படியும் சுத்தியிருந்தா கால் ஓட்டையில சேராது. தலைகீழாத் திருப்பிப் போட்டாலும் சேராது, அது பொறவியிலயே அப்படி. அன்னிக்கு ஒரு பையன் வந்தான். டப்பாவுல இருந்தது ஒண்ணு, நான் சுத்துனது ஒண்ணு, ரெண்டையும் மாட்டப் பாக்குறேன். சேரவே இல்ல. உத்துப் பாத்தா, டப்பா காயில் இடது பக்கம் சுத்துனது. எங்க வீட்டுக்காரரு இடது கைக்காரரு. இந்த ஊர்ல இடது பக்கம் சுத்துறவன் வேற எவனும் கெடையாது. நான் அங்கேயே நின்னுக்கிட்டு, "வந்துட்டீங்களா"ன்னு கேட்டேன். அந்தப் பையன் பயந்து போயிக் மிச்சக் காசக் கூட வாங்காம ஓடிட்டான்.

அது அவங்க குடும்பத்துலயே உண்டு. அவருக்கும் இடது கை, தமயந்திக்கும் இடது கை. மாமியார் ஆம்பளப் பிள்ளைய விட்டுட்டாங்க, பொம்பளப் பிள்ளைய மட்டும் விடல. போற வீட்டுல இடது கையால சோறு போட்டா யாரு ஏத்துக்குவான்னு அடிச்சி அடிச்சி மாத்திட்டாங்க. இப்ப எழுதுறது, சாப்புடுறது எல்லாம் சோத்துக் கையிலதான். பதறிப்போனா மட்டும் இடது கை முன்ன வரும். அவளப் பத்தி எதுக்கு, நான் எங்க விட்டேன்?

ஆங், மாட்டுறது. குச்சியோட சேத்தே காலை ஓட்டைக்குள்ள விடுங்க, திருகாணிய முடுக்குங்க. ரொம்ப முடுக்குனா கம்பி அறுந்துரும். இப்ப மிச்சக் காலை வெட்டுங்க, திருகாணிய ஒட்டி, வெளிய ஒரு துளி கூட நீட்டிக்கிட்டு இருக்கக் கூடாது. குச்சிய உருவுங்க. காயில் கீழ மேடையிலயும் தொடக் கூடாது, சுவத்துலயும் தொடக் கூடாது. நடுவுல அந்தரத்துல நிக்கணும்.

பட்டனைத் தொடாதீங்க. மொதல்ல இந்த மீட்டர்ல வைங்க. பாயிண்ட் எட்டு, சரியா இருக்கு. சைபர் கிட்ட காட்டுச்சின்னா கால் எங்கயோ தொட்டுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். அப்படியே அமுக்குனா பேட்டரி வெடிச்சிரும். விளையாட்டு இல்ல இது. காயில் மாத்துறப்பல்லாம் மீட்டரு, மறக்கக் கூடாது.

இப்ப விட்டு விட்டு அமுக்குங்க. செவக்குதா? நடுவுல இருந்து செவந்து ரெண்டு பக்கமும் பரவணும். ஓரத்துல மட்டும் செவந்தா இந்த இடுக்கியால லேசா வருடி விடுங்க, அமுக்கி விடுங்க, சரியாயிடும். விரலைக் கொண்டு போகாதீங்க. செவப்பு போனதும் ஆறிடுச்சின்னு நெனச்சித்தான் எல்லாரும் தொடுறது, அப்பத்தான் சுடும். புதுசாப் பழகுறவங்க விரல் நுனியப் பாத்தாலே தெரியும், புள்ளிப் புள்ளியாக் கொப்புளம். தமயந்திக்குக் கூட அப்படித்தான் வந்துச்சி, அவளுக்குக் கோயில் விளக்கு சுட்டது. விளக்கேத்துறவ யாராச்சும் இடது கைய நீட்டுவாளா? கூறு கெட்டவ.

இப்ப என் தொல்லையெல்லாம் அவதாண்ணே. திடீர்னு பக்தி முத்திப் போச்சி. விடியறதுக்கு முன்ன குளிச்சிட்டுக் கோயிலுக்குன்னு கெளம்பிடுவா. மழை பேஞ்சாலும் போவா, காய்ச்சல் அடிச்சாலும் போவா. பாலர்பள்ளி லீவுன்னா பினாங்குல இருக்குற சித்தி வீட்டுக்குப் போயி ஒரு வாரம் இருந்துட்டு வருவா முந்தியெல்லாம். இப்ப ஒரு நாளும் ஊரை விட்டு நகர்றதில்ல. திரும்பி வர்றப்ப நெத்தியில துன்னூறு இருக்கும், தலைமுடியில பலாப்பழ வாசம் அடிக்கும். முன்னெல்லாம் இந்த வாசமே ஆகாது அவளுக்கு, மூக்கப் பொத்திக்குவா. அவரு போறப்ப வர்றப்ப தங்கச்சி தலையத் தடவிக் குடுத்துட்டுப் போறாரு போல. என் தலைய ஒரு நாளும் தடவல. செத்தும் அவருக்குத் தங்கச்சிதான் ஒசத்தி. எனக்கு ஆத்திரமா வருமா வராதா, நீங்களே சொல்லுங்க.

போகப் போக அவரு கை நல்லாத் தேறிடுச்சி. இப்ப டப்பாவுல இருக்குறத எடுத்துப் பாருங்க, உயிரோட இருந்தப்பச் சுத்துனதுக்கும் இதுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. நான் தினம் இங்க வந்ததும் ஒரு தேஓ, அதான் பாலில்லாத டீ, வாங்கி அந்த நாற்காலிக்கு முன்ன வைப்பேன். பேசுவேன். அடுத்த கடைச் சீனவரு பாத்துட்டுத் தலைய ஆட்டிக்கிட்டுப் போவாரு. போகட்டும். நான் நல்லாச் சாப்புடுறேண்ணே இப்ப. தூங்குறேன். பொட்டுக் கூட வச்சிக்கிறேன், பாத்தீங்கல்ல. புருசன் வர்றப்ப எதுக்கு வைக்காம இருக்கணும்?

ஒரு தடவை விடிகாலையில எனக்கு முழிப்பு வந்துருச்சி. தமயந்தி வாசல்ல செருப்பு மாட்டுற சத்தம். அதுக்கு முன்ன ஆணியில என்னமோ கிலுங்குன சத்தம். எந்திரிச்சிப் போயிப் பாக்கலாமான்னு இருந்துச்சி. போர்வைய இழுத்துத் தலையோட போத்திக்கிட்டேன். குளிரு அன்னிக்கு.

பஞ்சு எடுத்துக்குங்க. இந்த அகலத்துக்குக் கிழிங்க. ஒரு முனையை முறுக்கிக் காயிலுக்குள்ள விட்டு இழுங்க. லேசாத் தடுக்கணும், ஆனா காயில் ஆடக் கூடாது. ரொம்பத் திணிச்சா ஜூஸ் ஏறாது, கருகிப் போயி தொண்டையைக் காந்தும். ரொம்பத் தளர விட்டா வாய்க்குள்ள தெறிக்கும். ரெண்டு பக்கமும் வெட்டி, கீழ மடிச்சி விடுங்க, சும்மா தலையணை உறை ஓரத்த மடிக்கிற மாதிரி.

ஒரு நல்ல எடம் வந்துச்சிண்ணே அவளுக்கு. சிவநேசன்னு தைப்பிங் பையன், எண்ணெய் ஆலையில மெக்கானிக்கு. அவனுக்கும் மொதக் கல்யாணந்தான், கெட்ட பழக்கம் இல்ல. பாத்துட்டுப் போனதுல இருந்து தினம் போன் பேசுவாங்க. இவ சிரிச்சி நான் பாத்ததே அப்பத்தான். கண்ணாடி முன்ன நிப்பா, தலையில பூ வைப்பா, எடுப்பா, மறுபடியும் வைப்பா. எனக்கு நிம்மதியாச்சி. கல்யாணம் ஆயித் தைப்பிங் போயிட்டா வீட்டுல நானும் அவரும் மட்டுந்தான், நிம்மதியா இருக்கலாம்னு நெனச்சேன். ஆமா, நெனச்சேன். ஒளிச்சி வச்சி என்ன.

நாள் குறிக்கப் போற நேரத்துல வேண்டாங்குறா. அந்தப் பையனே இந்தக் கடைக்கு வந்தான், நீங்க உக்காந்திருக்குற எடத்துலதான் உக்காந்தான். கண்ணு கலங்கிப் போயிருக்கு. "அக்கா, தினம் விடியக்காலையில எனக்கு ஒரு வேலை இருக்கு, அதை விட்டுட்டு வர முடியாதுன்னு சொல்றாங்க, அது என்ன வேலைக்கா"ன்னு கேட்டான். எனக்குச் சிரிப்பு வந்துருச்சி. "கோயிலுக்குப் போறதெல்லாம் ஒரு வேலையா தம்பி, தைப்பிங்ல கோயிலா இல்ல"ன்னேன். அவன் சிரிக்கல. அந்த டப்பாவையே பாத்துக்கிட்டு இருந்தான். அப்புறம், "நீங்க சொன்னா வருவாங்கக்கா, நீங்க மட்டும் ஒரு வார்த்தை சொல்லுங்க"ன்னான். என்ன வார்த்தைன்னு கேட்டேன். அவன் டப்பாவ என் பக்கம் நகத்தி வச்சிட்டு எந்திரிச்சிட்டான்.

இன்னிக்கு அந்தப் பையனுக்குத் தைப்பிங்ல கல்யாணம். வேற பொண்ணு. இவ இன்னிக்கும் விடியக்காலையில கெளம்பிப் போயிட்டுத்தான் வந்தா. நான் வந்து பாத்தா டப்பா தளும்பத் தளும்பக் காயில். மூடி கூடச் சரியா மூடல. இவ்வளவு என்னிக்கும் வந்ததே இல்ல. தங்கச்சி வீட்டோட தங்கிட்டான்னு அவருக்குச் சந்தோசம் போல.

ஏண்ணே அப்படிப் பாக்குறீங்க? நான் போக வேண்டாம்னு சொல்லல. சாமி சத்தியமா நான் போன்னுதான் சொன்னேன். அந்தப் பையன் வந்துட்டுப் போன அன்னிக்கு அடுப்படியில வச்சிக் கேட்டேன், "ஏன்டி இந்த மாதிரி எடம் இனிமே வருமா, என்னை நெனச்சி இருக்கியா, எனக்குத்தான் உங்க அண்ணன் இருக்காருல்ல"ன்னு. பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தவ கையை நிறுத்திட்டுக் கேட்டா, "அண்ணி, ஒருவேளை அண்ணன் வர்றது நின்னு போச்சின்னா?"

நின்னு போச்சின்னா அன்னிக்கே நானும் அவரு பின்னாடி போயிடுவேன்னு சொன்னேன். வேற என்ன சொல்றது? உள்ளதத்தானே சொல்ல முடியும்.

பைப்பை மூடுனா. கையைச் சேலையில தொடச்சிக்கிட்டு, எனக்கு முன்னாலயே போன எடுத்து அந்தப் பையனுக்குப் போட்டு, என்னை மன்னிச்சிருங்க, நான் வரலன்னு சொல்லிட்டு வச்சிட்டா. நான் பதறிப்போயி ஏன்டி ஏன்டின்னு கேக்குறேன். என்னை நேராப் பாத்து, "ஏன்னு உங்களுக்குத் தெரியும் அண்ணி"ன்னா. அவ்வளவுதான் சொன்னா. அதுக்கப்புறம் மிச்சப் பாத்திரத்தக் கழுவ ஆரம்பிச்சிட்டா.

எனக்கு என்னண்ணே தெரியும்? நீங்களே சொல்லுங்க, எனக்கு என்ன தெரியும்? இல்ல, வேண்டாம், சொல்லாதீங்க. நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க.